புதிதாகக் கட்டிய எம்.ஜி.பி. இன்ஜின் நீலப் புகை விடுகிறது: மறுபடியும் பிரிக்கத்தான் வேண்டுமா?

அடையாறு_67 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1967-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (பிரிட்டனில் செய்த திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. தூதரக அதிகாரி ஒருவர் நாடு திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. என் தந்தை 1974-இல் வாங்கி, கடைசி வரை தன் கையாலேயே பராமரித்தார். அவர் மறைந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் அடையாற்று வீட்டு ஷெட்டிலேயே நின்றிருந்த வண்டியைச் சென்ற ஆண்டு வெளியே எடுத்து, நகரத்துப் பட்டறை ஒன்றில் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்துக் கட்டக் கொடுத்தேன்.

பிளாக்கின் சிலிண்டர்களை 40 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸுக்குப் போர் செய்து, அதாவது கடைந்து அகலமாக்கி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். கிராங்கைக் கிரைண்டிங் செய்து பேரிங் மாற்றினார்கள். ஹெட்டில் வால்வு தண்டுகள் ஏறி இறங்கும் குழாய்களான எட்டு வால்வு கைடுகளும் புதியவை. இன்லெட் வால்வுகளுக்குப் புது சீல் போட்டிருக்கிறோம் என்றும் சொன்னார்கள். அலுமினிய உறுப்புகளை எல்லாம் கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்கி, ராக்கர் கவரில் ஆயில் ஊற்றும் இடத்துக்குப் புதுக் குரோம் மூடியும் மாட்டிக் கொடுத்தார்கள்.

முதல் நாளே நீலப் புகை வந்தது. கட்டும்போது தடவிய ஆயில் எரிகிறது, ஓடினால் நின்றுவிடும் என்றார்கள். இப்போது 260 கிலோமீட்டர் ஓடிவிட்டது. புகை குறையவில்லை, அதற்குள் 700 மில்லி ஆயில் ஊற்றியிருக்கிறேன். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை சொற்பம்தான். இன்ஜின் சூடேறிய பிறகு மத்திய கைலாஷ் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால், பின்னால் நிற்பவர்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு மேகம் எழுகிறது. போன வாரம் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் துப்பட்டாவால் குழந்தையின் முகத்தை மூடியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றிலிருந்து வண்டியைப் பகலில் எடுப்பதில்லை. மேம்பாலத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போதும் இதே கதைதான். சீரான வேகத்தில் போகும்போது புகை கிட்டத்தட்ட இல்லை.

கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சதுர அங்குலத்துக்கு 160 முதல் 165 பவுண்டு வரை இருக்கிறது. சூடான நிலையில் ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 60, ஐட்லிங்கில் 20. நான்கு பிளக்குகளும் ஒரே மாதிரி ஆயில் படிந்து கறுத்திருக்கின்றன. தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு கார்புரேட்டர்களிலும் ஐட்லிங் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்திய பிறகும் வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்றுக்குக் கீழே இறங்க மறுக்கிறது.

ரிங் இன்னும் படியவில்லை, 2000 கிலோமீட்டர் ஓட்டுங்கள் என்கிறது கட்டிய பட்டறை. வேறொரு மெக்கானிக், ரிங்கையே தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும் என்கிறார். மறுபடி இறக்கினால் பணத்தைவிட, நல்லபடியாக உட்கார்ந்திருக்கும் பேரிங்குகளையும் கேஸ்கெட்டுகளையும் கலைக்கிறோமே என்ற கவலைதான் எனக்கு அதிகம். இறக்காமலே காரணத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?


ராயப்பேட்டை_பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று: அந்த இன்ஜின் சென்னைக்கு அந்நியமானதல்ல. நம் ஊரில் எல்லோரும் ஓட்டிய அம்பாசடருக்கு 1959-இல் வந்த 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு இன்ஜினும் உங்கள் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் குடும்பம். முப்பது வருடத்துக்கு மேல் அம்பாசடர் ஹெட்டுகளைக் கழற்றி மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், இப்போதைக்கு இன்ஜினில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

புகையின் நிறத்தைப் போலவே அது எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ரிங் வழியாக ஆயில் மேலே ஏறினால், பாரத்தோடு இழுக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் புகை வரும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று ஆவி வெளியே தள்ளும். நீங்கள் சொல்வது அதற்கு நேர் எதிர். ஐட்லிங்கிலும், காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் வரும்போதும் கார்புரேட்டரில் காற்றை விடும் தகடான பட்டர்ஃபிளை மூடியிருக்கும். அதனால் மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயில், இழுவிசை மிக அதிகமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் ஏதோ ஒரு வழியாக ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டுத் தேங்குகிறது. பிறகு மிதிக்கும்போது தேங்கியது மொத்தமாக எரிகிறது. இப்படி வந்தால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது இன்லெட் வால்வு கைடையும் சீலையும்தான்.

பி சீரிஸில் அந்த சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்த பிறகுதான் அதை வால்வு தண்டில் இறக்க வேண்டும், அதன் பிறகு ஸ்பிரிங்கைப் பூட்டும் காட்டர். அவசரத்தில் வளையத்தை முதலில் போட்டுவிட்டு ஸ்பிரிங்கை அமுக்கினால் அது கிழிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஆயிலில் ஊறவும் வைக்க வேண்டும். காய்ந்த வளையத்தைத் தள்ளினால் முறுக்கிக்கொள்ளும். ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றலாம். அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சற்றுக் கீழே இருக்கும்போது, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் சுருளாக உள்ளே விட்டு நிரப்பி, பிஸ்டனை மேலே ஏற்றி அழுத்திவிட்டால் வால்வு கீழே விழாது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புகை நன்றாக வரும் அளவுக்கு ஓட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றி, மேனிஃபோல்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் துணி சுற்றிய குச்சியால் உள்சுவரைத் துடைத்துப் பாருங்கள். மேனிஃபோல்டு உலர்ந்திருந்தால் ஆயில் வால்வருகே இறங்குகிறது, அதாவது கைடு அல்லது சீல். மேனிஃபோல்டின் சுவரே ஈரமாக இருந்தால் ஹெட்டையும் பிளாக்கையும் மறந்துவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.


வில்லிவாக்கம்_லேத் எழுதியது:

நான் போர் அடிப்பவன். எங்கள் தொழில் பக்கத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும், அதே நேரத்தில் எங்கே தவறு நடக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.

40 தௌ என்றால் மூல அளவான 80.26 மில்லிமீட்டர் போர் 81.28 ஆகியிருக்கும், கொள்ளளவு 1845 சி.சி.க்கு வரும். இந்த பிளாக் அதைத் தாங்கும். ரிங் படிவதற்குத் தேவையானது ஹோனிங்கில் (சுவரைக் கல்லால் தேய்க்கும் வேலையில்) விழும் குறுக்குக் கோடுகள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் நிற்கும் ஆயிலின் துணையோடுதான் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துகின்றன. ஹோன் செய்த பிறகு போரைப் பெட்ரோலால் துடைத்தால் கல்தூள் சுவரிலேயே தங்கிவிடும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவ வேண்டும். ரிங் இடைவெளிக்கு ஓர் அங்குல போருக்கு 4 தௌ என்று கணக்கு வைத்தால் உங்களுக்கு 12 அல்லது 13 தௌ வரும். ரிங்கில் மேல்பக்கம் என்று குறியிட்ட முகம் மேலே இருக்க வேண்டும். இரண்டாவது ரிங் சரிவாகக் கடைந்தது என்பதால் அதைத் தலைகீழாகப் போட்டால் ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக மேலே ஏற்றும். அந்த மெக்கானிக் சொன்னது நடக்கக்கூடிய ஒன்றுதான்.

நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவு தவறு நடந்திருக்குமா என்று கேட்டால், ரிங் போட்டவர் ஒருவரே என்பதால் நடக்கலாம். கம்ப்ரஷன் 160 இருப்பதை வைத்து மட்டும் ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்; சிலிண்டருக்குள் ஆயில் இருந்தால் அதுவே இடைவெளியை அடைத்து அளவைக் கூட்டிக் காட்டும். இருந்தாலும் ராயப்பேட்டை அண்ணன் சொன்ன புகை நேரம் ரிங்கோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. கட்டி முடித்த பிறகு பட்டறையில் இன்ஜினை நிறுத்தி வைத்தே ஓடவிட்டார்களா? பலர் அப்படிச் செய்கிறார்கள், அது பெரிய தவறு. பாரம் இல்லாமல் ஐட்லிங்கிலேயே மணிக்கணக்கில் ஓடினால் ரிங்கைச் சுவரோடு அழுத்தும் வாயு அழுத்தம் போதாது. கோடுகள் மழுங்கிச் சுவர் கண்ணாடி போலாகிவிடும். புது இன்ஜினை அதிகாலையில் ஆளில்லாத சாலைக்குக் கொண்டுபோய், மூன்றாம் கியரில் மிதமாக இழுத்து, பிறகு காலை எடுத்து, மறுபடி இழுத்து என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் ஊர்ந்து போவது ரன்னிங் இன் (புது இன்ஜினைப் பழக்கும் ஓட்டம்) ஆகாது.


அடையாறு_67 எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று மாலை கார்புரேட்டர்களைக் கழற்றினேன். மேனிஃபோல்டு உள்ளே முழுவதும் ஈரம். நடுப்பகுதியில் துணிக்குச்சியை விட்டபோது ஆயில் சொட்டவே சொட்டியது. கார்புரேட்டர் பக்கம் மட்டும் உலர்ந்திருக்கிறது. லேத் நண்பர் கேட்டதற்குப் பதில்: ஆம், இரண்டு நாட்கள் தலா ஒரு மணிநேரம் நிறுத்தி வைத்தே ஓடவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் போனால் எளிதில் வரவில்லை. திருகி இழுத்ததும் உஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியை எடுத்தவுடன் இன்ஜின் வேகம் சட்டென்று ஏறி, உடனே நின்றுவிடுவது போல நடுங்கியது. வெளியே ஆவி எதுவும் வரவில்லை.


ஈ.சி.ஆர்_எம்ஜி எழுதியது:

உங்கள் கடைசிப் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னிடமும் 1966-ஆம் வருட எம்.ஜி.பி. உண்டு. உங்கள் இன்ஜினின் ரிங்கும் கைடும் பெரும்பாலும் குற்றமற்றவை.

மேனிஃபோல்டின் நடுவில், இரண்டு கார்புரேட்டர்களுக்கும் இடையே, உள்ளங்கையில் அடங்கும் அளவில் வட்டமான ஓர் உறுப்பு நிற்கிறதே, அதைப் பாருங்கள். 1964 முதல் 1968 வரையிலான எம்.ஜி.பி.களில் வந்த ஸ்மித்ஸ் பி.சி.வி. வால்வு அது. பிஸ்டனைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் கசியும் வாயுவை, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் முன்பக்க டேப்பட் கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாக இழுத்து மேனிஃபோல்டுக்குக் கொடுத்து எரிக்கச் செய்வதுதான் அதன் வேலை. அதனுள் ஒரு ரப்பர் டயஃப்ரமும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஸ்பிரிங் வழியைத் திறக்கப் பார்க்கும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் இழுவிசை அதிகமானதும் டயஃப்ரம் கீழிறங்கி வழியைக் குறுக்கும். டயஃப்ரம் கிழிந்துவிட்டால் குறுக்க ஆளில்லை. இழுவிசை எப்போது மிக அதிகமோ அப்போதுதான் வழி முழுவதும் திறந்து கிடக்கும். ஆவியோடு ஆயிலும் மேனிஃபோல்டுக்குப் போய்ச் சேரும். கிழிசல் வழியாக வெளிக்காற்றும் உள்ளே நுழைவதால் ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் ஐட்லிங் இறங்காது. தொடர்பு உண்டா என்று தயங்கித் தயங்கி நீங்கள் எழுதிய அந்த 1200-தான் இந்தத் திரியிலேயே மிக முக்கியமான வரி. நான்கு பிளக்கும் ஒரே மாதிரி கறுத்திருப்பதற்கும் காரணம் இதுதான்: நான்குக்கும் பொதுவான இடத்திலிருந்து ஆயில் வருகிறது.

அடுத்தது அந்தக் குரோம் மூடி. இந்த வருடங்களின் இன்ஜினில் ஆயில் மூடிதான் சுத்தமான காற்று உள்ளே வரும் வழி; மூலமூடியில் வடிகட்டியும் அளந்து போட்ட சிறு துளையும் இருக்கும். காற்றுப்புகாத மூடியைப் போட்டால் கிராங்க்கேஸுக்குள் வெற்றிடம் உண்டாகும், நீங்கள் கேட்ட உஸ் சத்தம் அதுதான். சரியாக இருக்கும் அமைப்பில், ஐட்லிங்கின்போது மூடியை எடுத்தால் வேகம் ஏறத்தாழ 200 சுற்று மட்டும் கூட வேண்டும். அதுவே அந்த வால்வுக்கான பழைய சோதனை. எகிறிக் குதித்து நடுங்கினால் வால்வு கட்டுப்பாட்டில் இல்லை.

ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். வால்வைக் கழற்றி, மேனிஃபோல்டில் அது உட்காரும் துளையை இறுக்கமாக அடைத்துவிடுங்கள். டேப்பட் கவரிலிருந்து வரும் குழாயை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலின் வாய் திறந்திருக்கும்படி சூடு படாத இடத்தில் கட்டுங்கள். மேனிஃபோல்டைத் துடைத்துவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். சைலன்சரில் தேங்கிய ஆயில் எரிந்து முடியும் வரை முதல் சில கிலோமீட்டர் புகை வரும், பயப்பட வேண்டாம். டேப்பட் கவருக்குள் ஆயிலைப் பிரிக்கும் கம்பி வலை ஒன்று இருக்கும். அது இருக்கிறதா, அழுக்கடைந்து அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் யாராவது பிரேக் சர்வோ (பிரேக் மிதிக்கும் வலுவைக் கூட்டும் சாதனம்) பொருத்தியிருந்தால் அதன் வேக்குவம் குழாயையும் கழற்றி முகர்ந்து பாருங்கள். பிரேக் ஆயில் அவ்வழியே உறிஞ்சப்பட்டாலும் புகை வரும், ஆனால் அது வெள்ளையாக இருக்கும்.


அடையாறு_67 எழுதியது:

வால்வின் மேலே இருக்கும் கம்பி கிளிப்பை நீக்கி மூடியை எடுத்தேன். டயஃப்ரம் ஓரத்தில் விரல் நகத்தின் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. மீதி ரப்பரும் உப்பி, அழுத்தினால் விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. அடியில் ஒரு தேக்கரண்டி ஆயில் நின்றது. பட்டறையில் அலுமினிய உறுப்புகளைப் பெட்ரோல் தொட்டியில் ஊறப்போட்டுத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. இந்த வால்வையும் பிரிக்காமலே அதற்குள் போட்டிருக்கிறார்கள். இன்ஜின் கட்டுவதற்கு முன்னால் புகை இல்லை, கட்டிய பிறகு புகை என்றதும் எல்லோரும் ரிங்கையே நினைத்தோம். தந்தையின் பெட்டியைத் துழாவியதில் பழைய ஆயில் மூடி கிடைத்தது. அதன் மேல் அவர் கையெழுத்தில் "மாற்றக் கூடாது" என்று ஒரு காகிதம் சுற்றியிருந்தது.

இன்று அதிகாலை ஐந்து மணிக்கு, துளையை அடைத்து, பாட்டில் கட்டி, மாமல்லபுரம் போய் வந்தேன். மொத்தம் 100 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட. திருவான்மியூர் தாண்டும் வரை புகை இருந்தது, முட்டுக்காடு பாலத்துக்கு வரும்போது இல்லை. லேத் நண்பர் சொன்னபடி மூன்றாம் கியரில் இழுத்தும் விட்டும் ஓட்டினேன். திரும்பும்போது உத்தண்டி சுங்கச் சாவடியை ஒட்டி ஓரமாக நிறுத்தி, வேண்டுமென்றே மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுப் பிறகு மிதித்தேன். கண்ணாடியில் தெரிந்தது பின்னால் வந்த பால் வண்டி மட்டும்தான். டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கியதாகத் தெரியவில்லை. பாட்டிலில் சில சொட்டுகள் இருந்தன. ஐட்லிங்கும் ஸ்க்ரூவுக்குக் கட்டுப்படுகிறது.

புதுப்பேட்டையில் மூன்று கடைகளில் டயஃப்ரம் கேட்டேன், இல்லை. வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அதுவரை பாட்டிலோடு ஓட்டலாமா?


ராயப்பேட்டை_பட்டறை எழுதியது:

நான் வேலை பார்த்த அம்பாசடர்களில் இப்படி ஒரு வால்வு இருந்ததில்லை, அதனால் எனக்கு அது தோன்றவில்லை. எம்.ஜி. நண்பருக்கு என் வணக்கம். தம்பி, பாட்டிலோடு சில வாரம் ஓட்டலாம், நிரம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்காமல் வைத்திருந்த உங்கள் தந்தையின் கைக்கு ஒரு கும்பிடு.


ஈ.சி.ஆர்_எம்ஜி எழுதியது:

தாராளமாக ஓட்டலாம். புது டயஃப்ரம் வந்ததும், உலோக உறுப்புகளை மட்டும் பெட்ரோலில் கழுவுங்கள். ரப்பரை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். பழைய மூடியையே மாட்டுங்கள், அதன் வடிகட்டி அடைத்திருந்தால் வேறு மூடி வாங்கும்போது காற்றுத் துளை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று மறந்துவிடாதீர்கள். இத்தனை நாள் வெளிக்காற்று கசிந்துகொண்டிருந்ததால், அதைச் சமாளிக்கப் பட்டறையில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களின் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) கீழே இறக்கிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கசிவு நின்றுவிட்டதால் இனி அது கறுப்புப் புகையாகத் தெரியும். பெட்ரோல் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும் என்பதால் புது ரிங்குக்கும் கேடு. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சிறு பின்னைத் தள்ளி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்; உடனே இறங்கினால் குறைவு; இலேசாக ஒரு கணம் ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் (ஆறு பக்கங்களில் ஒரு பக்கம்) மட்டும் திருப்புங்கள்.